மாடிப்படி யன்னலில் ஒரு மிளகாய்க் கண்டு

காலை ஆறு மணி பத்து நிமிடம். வேலைக்குப் போவதற்காகக் கதவைத் திறந்து, மாடிப்படி விளக்கின் பொத்தானை அழுத்தினேன். முதலில் கண்ணில் பட்டது ஓர் ஈ. எங்கள் கதவுக்கு எதிரே இருந்த யன்னல் கண்ணாடியில், எள்ளளவு கறுப்பு ஈ ஒன்று மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தது.

அது தை மாதம். கண்ணாடிக்கு வெளியே ஜேர்மனியின் ஹம் நகரம் உறைந்து கிடந்தது. அந்த மாதத்தில் அங்கே ஈ இருக்க வழியில்லை.

எங்கள் கட்டிடத்து மாடிப்படி விளக்கு இரண்டு நிமிடம்தான் எரியும். அதைப் பற்றி முன்பொரு வாரம் இதே பக்கத்தில் குறைப்பட்டிருக்கிறேன். அது அணைந்தது. மறுபடி அழுத்தினேன். இப்போது மூன்று ஈக்கள். யன்னல் கட்டின் மேல் இருந்த பூச்சாடியின் மண்ணிலிருந்துதான் அவை கிளம்பின.

சாடியில் ஒரு மிளகாய்க் கண்டு. ஒரு சாண் உயரம். இலை ஒன்றும் இல்லை. தண்டு கவராகப் பிரிந்து, இரண்டு விரலைக் காட்டுவதுபோல் நின்றது. கவருக்குக் கீழே ஒரு நீல நூல் கட்டியிருந்தது.

பெருவிரல் நகத்தால் தண்டின் தோலைச் சுரண்டினேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். தேயிலைத் தூளின் நிறம் தெரிந்தது. ஓர் அங்குலம் கீழே சுரண்டினேன். அதே நிறம். மண்ணோடு ஒட்டிய இடத்தில் சுரண்டத் தேவையிருக்கவில்லை. விரல் பட்டதும் தண்டு அமுங்கியது.

விளக்கு மறுபடி அணைந்தது. இந்த முறை நான் பொத்தானை அழுத்தவில்லை.

கண்டு என்னுடையதல்ல. அதன் சொந்தக்காரர் அன்று சென்னையில் இருந்தார். மறுநாள் அவருடைய மனைவிக்கு ஜேர்மன் மொழிப் பரீட்சை. அதில் தேறினால்தான் அவர் கணவரிடம் வந்து சேரலாம். பரீட்சையில் தன்னைப் பற்றிப் பேசுவதற்கு அவர் பாடமாக்கி வைத்திருந்தது, இந்தக் கண்டைப் பற்றிய ஐந்து வாக்கியங்களை. அந்த ஐந்தையும் திருத்திக் கொடுத்தவன் நான்.

ஏழு காய்

கண்டின் சொந்தக்காரர் ராசன் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். மன்னார்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பாண், பணிஸ் சுடும் ஆலை ஒன்றில் பொதி கட்டும் வேலை. அந்த நீல நூல் அங்கிருந்து வந்ததுதான். அவருடைய வீட்டில் கிழிந்த திரைச்சீலை, கால் ஆடும் கதிரை, கண்டின் தண்டு எல்லாமே அந்த நீல நூலால்தான் கட்டப்பட்டிருந்தன.

கலியாணம் திருச்சியில் நடந்தது. மணமகள் மெற்றில்டாவின் குடும்பம் சண்டைக்குப் பயந்து கடல் தாண்டி அங்கே போய், வாடகை வீடொன்றில் இருந்தது. கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் ராசன் தனியாகத் திரும்பினார். கைப்பைக்குள் படச்சுருள் டப்பி ஒன்று இருந்தது. அதற்குள் பஞ்சில் சுற்றிய மிளகாய் விதை. திருச்சி வீட்டின் கொல்லையில் மெற்றில்டா வளர்த்த கொச்சி மிளகாய். சின்னக் காய், செடியில் வானத்தைப் பார்த்துக் குத்திட்டு நிற்கும். ஒன்றைக் கடித்தால் காது அடைக்கும்.

"நான் வரேக்குள்ள பல்கனியில காய்ச்சு நிக்கவேணும் எண்டவ," என்று ராசன் சொன்னார். "விசா மூண்டு மாசத்தில வந்திடும் எண்டு நானும் ஓம் எண்டிட்டன்."

மூன்று மாதத்தில் விசா வரவில்லை. அந்த ஆண்டுதான் புதிய சட்டம் வந்தது. கணவனிடம் வர விரும்பும் மனைவி, புறப்படுவதற்கு முன்பே ஜேர்மன் மொழியில் ஓர் அடிப்படைப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். மெற்றில்டா திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், சித்தி வீட்டில் தங்கி வகுப்பில் சேர்ந்தார்.

இங்கே கண்டும் அவசரப்படவில்லை. பங்குனியில் யன்னலோரம் முளைத்தது, புரட்டாதியில்தான் பூத்தது. ஐப்பசியில் குளிர் வந்தபோது ஏழு காய் இருந்தது. ஏழும் பச்சை. ஜேர்மனியின் கோடை கொச்சிக்குப் போதாது.

இனி அது செத்துப்போகும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆலையில் ராசனோடு வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர், வருடாவருடம் தன் மிளகாய்ச் செடிகளைக் குளிர்காலம் தாண்ட வைப்பவராம். அவர் ஒரு கடதாசியில் படம் போட்டுக் கொடுத்தார். உறைபனிக்கு முன் உள்ளே எடு. காய், இலை எல்லாவற்றையும் கழற்று. கவருக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டு. சவர்க்கார நுரைத் தண்ணீரில் கழுவு, செடிப்பேன் இருக்கும். சூடில்லாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வை. தண்ணீர் கிட்டத்தட்டக் கொடுக்காதே.

கடைசி வரிக்குக் கீழே அவர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

ராசனின் வீட்டுக்குள் சூடு அதிகம். நிலவறையில் வெளிச்சம் இல்லை. மிஞ்சியது எங்கள் கதவுக்கு எதிரே இருந்த மாடிப்படி யன்னல். கட்டிடப் பராமரிப்பாளர் வந்து பார்த்தார். படிகளில் எதுவும் வைக்கக் கூடாது என்பது வீட்டு விதி. ஆனால் யன்னல் கட்டு படியல்ல என்று அவர் நீண்ட யோசனைக்குப் பின் முடிவு செய்தார்.

அந்த முதல் குளிர்காலத்தைக் கண்டு தாண்டிவிட்டது. பங்குனியில் கவரின் இரண்டு பக்கமும் ஊசிமுனை போலப் பச்சை வந்தது. ஆனி மாதமே பூத்தது. அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று கிண்ணம் காய் வந்தது.

மெற்றில்டா வரவில்லை. ஆவணியில் எழுதிய பரீட்சையில், பேசும் பகுதியில் தவறிவிட்டார்.

ஐந்து வாக்கியம்

தவறிய விதத்தை அவரே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பரீட்சையில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர், வயது, ஊர், மொழி எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் பொழுதுபோக்கு என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"பொழுதுபோக்கு எண்டா நான் என்னத்தைச் சொல்லுறது அண்ணை? வகுப்பில படிச்சது நீச்சல். நான் மன்னாரில பிறந்தும் கடலில முழங்காலுக்கு மேல இறங்கினதில்லை. பொய் சொல்லுறன் எண்டு சோதினை வைக்கிற அந்த மனுசிக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயந்திட்டன். பிறகு என்ர பேரையே மறந்து போனன்."

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளேட்டில் ஒன்பது வருடம் செய்தி திருத்தியவன். நீளமாக வருவதைக் குட்டையாக்குவதும், தெரியாததை எடுத்துவிட்டுத் தெரிந்ததை வைப்பதும் என் தொழிலாக இருந்தது. ஹம்மில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவத் தொடங்கிய பிறகு, ஒருவரும் என்னிடம் எதையும் திருத்தக் கேட்டதில்லை. மெற்றில்டாதான் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ," என்றேன். "ஒவ்வொரு கிழமையும் புருசனிட்ட என்ன கேக்கிறனீங்கள்?"

"கண்டு எப்பிடி இருக்கு எண்டு கேக்கிறனான்."

"அதுதான் பொழுதுபோக்கு."

ராசன் சிரித்தார். அவருடைய கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு, எங்கள் சமையலறை மேசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை எழுதினோம். தொலைபேசி அட்டை இரண்டு தரம் தீர்ந்தது. கடைசியில் ஜேர்மன் மொழியில் ஐந்து வாக்கியம் நின்றது:

என்னிடம் ஒரு மிளகாய்ச் செடி இருக்கிறது. அது ஜேர்மனியில் இருக்கிறது. குளிர்காலத்தில் அது நித்திரை கொள்கிறது. என் கணவர் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கிறார். வசந்தத்தில் அது விழிக்கிறது.

ஐந்தாவது அவருடைய வாயில் சரியாக வரவில்லை. நான் வெட்டிவிடலாம் என்றேன். நான்கே போதும்.

"ஐயோ, அதை வெட்டாதேங்கோ அண்ணை," என்றார் மெற்றில்டா. "அது இல்லாட்டி, செத்துப்போச்சு எண்டெல்லோ அந்த மனுசி நினைக்கும்!"

ஐந்தாவது வாக்கியம் நின்றது.

நிலத்தில் வைத்த சாடி

இரண்டாம் பரீட்சைக்கு மனைவியின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ராசன் தை மாதத்தில் மூன்று கிழமை விடுமுறை எடுத்தார். புறப்படுகிற அன்று பெட்டியோடு எங்கள் கதவைத் தட்டினார். கண்டை யன்னலிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

நான் கை நீட்டினேன். அவர் சாடியை என் கையில் தரவில்லை. குனிந்து கால்மிதியில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போனார்.

"மிளகாயெல்லோ அண்ணை. கைக்குக் கை குடுத்தா எங்களுக்குள்ள சண்டை வரும்."

"காயில்லை, இலையில்லை, வெறும் தடி. தடியைக் குடுத்தாலும் சண்டை வருமோ?" என்று என் மனைவி புஷ்பம் உள்ளேயிருந்து கேட்டாள்.

"தடியால கூடச் சண்டை வரும் அக்கா."

நான் சாடியை நிலத்திலிருந்து எடுத்தேன். உள்ளே கொண்டுவராமல் எதிரே இருந்த யன்னலிலேயே மறுபடி வைத்தேன். ராசன் ஆள்காட்டி விரலை ஆட்டிச் சொன்னார்: "கிழமைக்கு ஒருக்கா. ஒரு தேத்தண்ணிக் கோப்பையில கால்வாசி. கூட வேண்டாம். காஞ்சு கிடந்தாலும் பயப்பிடாதேங்கோ."

"நீர் பயப்பிடாமல் போட்டு வாரும். நான் குறிச்சு வைச்சுச் செய்வன்," என்றேன்.

குறித்தும் வைத்தேன். சமையலறை நாட்காட்டியில் ஞாயிறுதோறும் சின்னப் புள்ளி. ஆனால் இரண்டாம் கிழமை, மண் வெடித்துச் சாடியின் ஓரத்தை விட்டு விலகியிருந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதெல்லாம் அது என் முகத்துக்கு நேரே நின்றது. ஒரு புதன்கிழமை அரைக் கோப்பை ஊற்றினேன். அதைக் குறித்து வைக்கவில்லை.

அந்தத் தை மாதத்தையும் சொல்லவேண்டும். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் அங்கே யாரோ ஒருவர் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். தொலைபேசி அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், யார் எடுப்பது என்று. தொலைக்காட்சி ஓடிக்கொண்டேயிருக்கும். புஷ்பம் சமைப்பாள், சாப்பிட ஒருவரும் உட்காரமாட்டோம். அப்படியான நாட்களில் கண் முன்னால் ஓர் உயிர் வாடி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம். இதை நான் காரணமாகச் சொல்கிறேன், சாட்டாக அல்ல.

ஈயைப் பார்த்த அன்று

ஈக்களைப் பார்த்த காலை நான் வேலைக்குப் போனேன். எண்பது பேருக்கு உருளைக்கிழங்கு சீவினேன். பிற்பகல் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது, மூன்றாம் மாடி ஜேர்மன்காரர் படியில் நின்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார். இங்கே யாராவது பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகுதான் எனக்கும் மணந்தது.

மீன்.

உள்ளே போய்ப் புஷ்பத்திடம் கேட்டேன்.

"ஓம், ஊத்தினனான்," என்றாள். "வெள்ளிக்கிழமையும் ஊத்தினனான், நேற்றும் ஊத்தினனான். மீன் கழுவின தண்ணி. அங்க எங்கட வீட்டில மிளகாய்க்கு அதுதானே ஊத்துறனாங்கள். கண்டு கிடுகிடெண்டு வரும்."

"இது வளருற காலமில்லையப்பா. நித்திரை கொள்ளுது. வேர் தண்ணி குடிக்காது. அழுகிப்போச்சு."

"நீங்கள் ஒண்டும் ஊத்தேல்லையோ?"

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, கண்டைப் பார்த்தபடி நின்றாள்.

"பாவமெண்டுதானே ஊத்தினனான்," என்றாள். "மொட்டையாய் நிண்டுது."

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் எடுத்தேன். ராசன்.

"அண்ணை, எல்லாரும் சுகமோ? நாளைக்குக் காலமை ஒம்பதுக்குச் சோதினை. இவ நேற்றிலயிருந்து சோறு தின்னேல்லை. கண்டு எப்பிடி எண்டு உங்களிட்டக் கேக்கட்டாம். பொறுங்கோ, அவவிட்டயே குடுக்கிறன்."

கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு மெற்றில்டாவின் குரல். தமிழில் அல்ல. வகுப்பில் பழகிய மெதுவான, ஒவ்வொரு சொல்லாக வைக்கும் ஜேர்மனில், செடி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நாளேட்டில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அச்சுக்குப் போன பிறகு தவறு தெரியவந்தால் மறுநாள் இரண்டாம் பக்கத்தின் அடியில் திருத்தம் போடுவோம். அச்சுக்குப் போகுமுன் தெரியவந்தால் பேச்சே இல்லை, செய்தியை எடுத்துவிடுவோம். என் ஐந்து வாக்கியத்தில் மூன்று பொய்யாகிவிட்டது. அச்சு மறுநாள் காலை ஒன்பதுக்கு.

புஷ்பம் கதவருகே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நித்திரை கொள்ளுது," என்று ஜேர்மனில் சொன்னேன்.

மறுமுனையில் மெற்றில்டா சிரித்தார். நான்காவது வாக்கியத்தைச் சொன்னார். ஐந்தாவதையும் தடக்காமல் சொன்னார். "சரியோ அண்ணை?"

"ஒரு பிழையும் இல்லை," என்றேன்.

மூன்று கோப்பை

மெற்றில்டா தேறிவிட்டார். பரீட்சை நடத்திய அம்மா, உன் செடியில் காரம் அதிகமா என்று கேட்டாராம். அதற்கு வாக்கியம் எதுவும் தயாராக இருக்கவில்லை. மெற்றில்டா தானாகவே யோசித்து, ஆம், மிகவும், என் கணவர் அழுவார் என்று சொன்னாராம். இதை ராசன் அன்றைக்கே தொலைபேசியில் நாலு தரம் சொன்னார். நான் நாலு தரமும் சிரித்தேன்.

மாசி பிறந்ததும் ராசன் திரும்பினார். புஷ்பம் பக்கத்தில் நிற்க, பெட்டியைக் கீழே வைக்கவும் விடாமல் படியிலேயே சொன்னேன். புதன்கிழமை அரைக் கோப்பையைச் சொன்னேன். மீன் தண்ணீரைச் சொன்னேன். தொலைபேசியில் சொன்ன பொய்யைச் சொன்னேன்.

ராசன் பெட்டியைப் படியில் வைத்தார். யன்னலுக்குப் போனார். கவரிலிருந்து மண் வரைக்கும் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். நான் இரண்டு இடத்தில்தான் சுரண்டியிருந்தேன், அவர் ஓர் இடத்தையும் விடவில்லை. பிறகு நீல நூலை அவிழ்த்து, கையில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அண்ணை," என்றார். "அண்டைக்கு உங்களிட்டத் தர முதல், மூண்டு கிழமை தாங்கவேணுமே எண்டு நானும் ஒரு கோப்பை நிறைய ஊத்திப்போட்டுத்தான் கொண்டுவந்தனான்."

படியில் நின்ற மூன்று பேரும் சாடியைப் பார்த்தோம். முதலில் சிரித்தது புஷ்பம்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

"அவவுக்கு இப்ப சொல்லவேண்டாம்," என்றார் ராசன். "வந்து ஒரு மாசம் போகட்டும். பிறகு சொல்லுவம்."

சித்திரையில் தோட்டச் சாமான் கடையில் அவர் ஒரு மிளகாய்க் கண்டு வாங்கினார். கவர் உள்ளதாகப் பார்த்து, அரைமணி நேரம் பொறுக்கி எடுத்தது. அதே சாடி, அதே மண். அதே இடத்தில் அதே நீல நூல். பழைய கண்டின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன். "முடிச்சு இடப்பக்கம் வரவேணும்," என்றேன். அவர் திருப்பிக் கட்டினார். ஒன்பது வருடம் செய்தி திருத்திய பழக்கம் அன்று அதற்குத்தான் உதவியது.

வானத்தைப் பார்க்காத காய்

மே மாத நடுவில், ஜேர்மன்காரர்கள் இனி உறைபனி இல்லையென்று செடிகளை வெளியே வைக்கும் கிழமையில், மெற்றில்டா வந்து சேர்ந்தார். ஒல்லியான பெண். விமானநிலையத்திலிருந்து பிராந்திய ரயிலில் வந்து, மூன்று மாடி ஏறி, செருப்பைக் கழற்றியதும் பல்கனிக்குப் போனார். புஷ்பமும் நானும் கொண்டுபோன சோற்றுச் சட்டியைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றோம்.

அவர் கண்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார். ஓர் இலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நீல நூலை விரலால் தொட்டார். சாடி மண்ணில் கொஞ்சம் கிள்ளி மணந்தார்.

"நல்லா வளத்திருக்கிறியள்," என்றார் ராசனிடம்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. ஆடியில் கண்டு காய்த்தது. கைவிரல் நீளம், விரல் தடிப்பு, பார்க்கக் குளிர்ச்சியான பச்சை. எல்லாக் காயும் நிலத்தைப் பார்த்துத் தொங்கின. நூலின் முடிச்சைச் சரிபார்த்த எனக்கு, கொச்சி வானத்தைப் பார்த்துக் காய்க்கும் என்ற ஞாபகம் வந்திருக்கவில்லை.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மெற்றில்டா மீன் குழம்பு வைத்திருந்தார். நடுவில் ஒரு தட்டில் பச்சை மிளகாய், காம்போடு. ராசன் ஒன்றை எடுத்து, பழக்கத்தில் நுனியை மட்டும் கடித்தார். பிறகு பாதியைக் கடித்தார்.

"உறைப்புக் காணாது," என்றவர், சொன்ன பிறகு சட்டென்று என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே புஷ்பம் என் காலை மிதித்தாள்.

"இங்க வந்ததுகள் எல்லாத்துக்கும் கொஞ்சம் உறைப்புக் குறையும்தானே," என்றார் மெற்றில்டா. "அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?"

கீழே இறங்கும்போது புஷ்பத்திடம் கேட்டேன். "நீ ஏதும் சொன்னனியோ?"

"நான் ஏன் சொல்லப்போறன்? அவ அந்தப் பழைய கண்டின்ர விதையைக் கையால எடுத்துப் பஞ்சில சுத்தினவ. உங்களுக்குப் பேப்பர்த் திருத்தம் தெரிஞ்ச மாதிரி அவவுக்கு மிளகாய் தெரியாதோ?"

அந்தத் திருத்தத்தை ராசனும் போடவில்லை, நானும் போடவில்லை. அவர் நாளைக்கு, நாளைக்கு என்றார். மெற்றில்டா ஒரு நாளும் கேட்கவில்லை. மாறாக, ஐப்பசியில் அவரே ராசனிடம் அந்த ஜேர்மன்காரர் போட்டுக் கொடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார். அந்த மாதம் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலைக்கும் மொழி வகுப்பின் அடுத்த படிக்கும் சேர்ந்திருந்தார். வகுப்பால் வந்து, பல்கனியில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய அந்தக் கண்டின் காய்களைப் பறித்தார். இலைகளைக் கழற்றினார். கவருக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டினார். சவர்க்காரத் தண்ணீரில் கழுவினார். தண்டில் நீல நூலைப் புதிதாகக் கட்டினார்.

அடுத்த நாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நான் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது, கண்டு எதிரே யன்னல் கட்டில் இருந்தது. சாடியில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது, எங்கள் கதவைப் பார்க்கும் பக்கத்தில். வகுப்புக் கொப்பியில் கிழித்த கோடு போட்ட தாள். ஜேர்மன் மொழியில், பெரிய எழுத்தில், தயவுசெய்து தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று பிழையில்லாமல் எழுதியிருந்தது. அதற்குக் கீழே தமிழில், சின்ன எழுத்தில்: மீன் கழுவின தண்ணியும் வேண்டாம்.